தாய்மாமனே பீர் வாங்கிக் கொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அம்பைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பெயர் சொல்லவில்லை, அம்பாசமுத்திரம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சொன்னால் நாளைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார். மூத்தவன் பிளஸ் டூ போகப்போகிறான், வயது 16. அவனுக்குக் கீழே ஒரு பெண்பிள்ளை, எட்டாம் வகுப்பு.

போன வாரம் எங்கள் ஊர்க் கோயில் கொடை. சாமக்கொடை முடிய விடியக்காலம் ஆகிவிடும் என்று நான் சின்னவளைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே வந்து படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் இவன் சட்டை ஈரமாகத் தொங்குகிறது. சாப்பிட்ட தட்டை எடுத்துத் தொட்டியில் போடாத பிள்ளை, ராத்திரியோடு ராத்திரியாகத் தன் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டிருக்கிறான், அதுவும் சரியாக அலசாமல் காலர் முழுக்க சோப்பு நுரை காய்ந்துபோய். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பின்னால் போய்ப் பார்த்தால் வாழைமரத்து மூட்டில் வாந்தி எடுத்து மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறான்.

கேட்டால் வாயைத் திறக்கவில்லை. சின்னவள்தான் மெதுவாகச் சொன்னாள், "மாமாகூடதாம்மா தோப்புக்குள்ள போனான், எல்லாரும் இருந்தாவ" என்று. மாமா என்றால் என் கூடப்பிறந்த தம்பி. போன் போட்டுக் கேட்டேன், அவனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "எக்கா, ஒரே ஒரு பீருதான். எவன்கூடயோ சேந்து குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கெடக்கதுக்கு, எங் கண்ணு முன்னால குடிக்கட்டுமேன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். இதப் போயி பெருசாக்காத" என்கிறான். அம்மாவிடம் சொன்னால் அவள் அதற்கு மேல். "ஆம்பளப் பிள்ளைய பொத்திப் பொத்தியா வளப்ப? உங்க அப்பா குடிக்காத குடியா?" என்கிறாள். அப்பா குடித்துக் குடித்து ஈரல் போய்ச் செத்தவர். அவரை உதாரணம் காட்டிப் பேரனுக்கும் பரவாயில்லை என்கிறாளே, நான் என்ன சொல்ல.

தம்பியைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. இவர் இல்லாத வீட்டில் ஆஸ்பத்திரி, வீடு கட்டினது, பேங்க் லோன் என்று எல்லாவற்றுக்கும் ஓடியவன் அவன்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். நாளைக்குச் சின்னவளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் இல்லாமல் யார் முன்னால் நிற்பது?

கேட்க வந்தது இதுதான். பெரியவர்கள் முன்னால் பழகினால் வெளியே போய்க் கெட்டுப்போக மாட்டான் என்று தம்பி சொல்வதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? இவரிடம் சொல்லலாமா? சொன்னால் படிப்பை நிறுத்திவிட்டு மும்பைக்குக் கடை வேலைக்கு அனுப்பு என்பார், அப்படிப்பட்ட கோபக்காரர். அப்புறம், தம்பியிடம் உறவு முறியாமல் எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாளை டீக்கடை:

தங்கச்சி, என் கடைக்குப் பக்கத்துச் சந்தில்தான் சரக்குக் கடை. 21 வயதுக்குக் கீழே விற்பனை இல்லை என்று பலகை தொங்குகிறது, பள்ளிக்கூடத்துப் பயல் ஒருத்தன்கூட அந்தக் கம்பி ஜன்னலுக்குள் கையை நீட்டி நான் பார்த்ததில்லை. நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. சாயங்காலம் டியூஷன் விடுகிற நேரத்துக்கு என் பெஞ்சில் வந்து உட்காருவார்கள், ஆளுக்கு ஐம்பது, நூறு என்று எடுத்து ஒருத்தன் கையில் சேரும். வேலை முடிந்து வருகிற கொத்தனார் கையாள் யாராவது, இல்லையென்றால் காலேஜ் படிக்கிற ஏதோ ஒரு அண்ணன், அவர் போய் வாங்கி வருவார், கூலியாகத் தனக்கு ஒரு கட்டிங் ஊற்றிக்கொள்வார். லெமன் சோடாவில் பாதியைக் குடித்துவிட்டு மீதியில் பிராந்தியைக் கலந்துவிட்டால் டவுன் பஸ்ஸில் வைத்துக் குடித்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் படித்துறை, பாலத்துக்கு அடி, குளத்தாங்கரை. வீட்டுக்குப் போகும் முன்னால் கொய்யா இலையைக் கசக்கி மெல்லுவார்கள். வீட்டில் கொய்யா மரமே இல்லாத பையன் கொய்யா இலை வாடையோடு வந்தால் கொஞ்சம் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஆனால் நான் காது கொடுத்துக் கேட்டவரை, முதல் தடவையே இப்படிச் சந்தில் ஆரம்பித்தவன் குறைவுதான். "எங்க அத்தான் கல்யாணத்துக்கு முந்துன நாளு குடுத்தாரு", "சித்தப்பா வச்சிருந்த பாட்டில்ல மிச்சம் கெடந்துச்சு", இப்படித்தான் கதை ஓடும். மாப்பிள்ளை பார்ட்டி, கொடை, எலெக்‌ஷன், துட்டி வீடு. துட்டி வீட்டில்கூட அடக்கம் முடிந்து வந்தவர்கள் உட்காருகிற இடத்தில் ஐஸ் வாங்கி வரவும் ஊறுகாய் பாக்கெட் வாங்கி வரவும் சின்னப் பயல்களைத்தானே விரட்டுகிறோம். சந்தில் குடித்ததை ஒருத்தனுக்கொருத்தன் பயந்து பயந்து சொல்கிறான், மாமன் கொடுத்ததை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான். அந்த நிமிர்வுதான் எனக்குப் பிடிக்கவில்லை.


ராதாபுரத்தான்:

ஒரு பீருக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா? எங்கள் தாத்தா பனையேறி. 1987இல் கள்ளை நிறுத்தும் வரைக்கும் எங்கள் விளையில் பெரியவன் சின்னவன் என்று பார்க்காமல் குடித்தோம், ஒருத்தனும் கெட்டுப்போகவில்லை. கள்ளை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பிராந்தியைக் கொண்டுவந்து வைத்தது யார்? 2003இல் இருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. பாட்டிலில் "மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு" என்று ஒட்டி, பகல் 12 மணிக்குக் கடையைத் திறந்து ராத்திரி 10 வரைக்கும் அதே பாட்டிலை விற்பார்கள். வருமானம் அங்கே, பழி மட்டும் தாய்மாமன் தலையிலா?

மாமனும் மருமகனும் தோளில் கை போட்டு உட்காருவது ஒரு பாசம். பெண்களுக்கு அது புரியாது. பொத்தி வளர்த்த பிள்ளைதான் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய் முதல் மாதமே மட்டையாகிறான்.


வார்டு சிஸ்டர்:

ராதாபுரம் அண்ணாச்சி, கள்ளையும் பாட்டிலையும் சேர்த்துப் பேசாதீர்கள். அன்றன்றைக்கு இறக்குகிற கள்ளில் ஆல்கஹால் நாலைந்து சதவீதம் இருக்கும், பிராந்தியில் 42.8. பீர்தானே என்பீர்கள், அதையும் கணக்குப் போடுவோம். 650 மில்லி பாட்டில். ஸ்ட்ராங் என்று விற்பதில் 8 சதவீதம் வரைக்கும் இருக்கும், 7 என்றே வைத்துக்கொண்டால் சுத்த ஆல்கஹால் 36 கிராம். ஒரு டிரிங்க் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைப்பது 10 கிராம். ஆக, "ஒரே ஒரு பீரு" என்பது மூன்றரை டிரிங்க். ஒரு குவார்ட்டர் என்றால் ஆறு டிரிங்க். அது 50 கிலோகூட இல்லாத ஒரு பையன் உடம்புக்குள் ஒரு மணி நேரத்தில் போகிறது. வாழைமரத்து மூட்டில் வாந்தி எடுத்தானே, அது அவன் உடம்பு செய்த நல்ல காரியம். மல்லாந்து படுத்துத் தூக்கத்தில் வாந்தி எடுத்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். கொடை சீசனில் கேஷுவாலிட்டிக்கு இப்படிப் பயல்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூட வருகிற பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இல்லை, "சிஸ்டர், இது போலீஸ் கேஸ் ஆயிருமா?" என்றுதான்.

அம்பை அக்கா, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கண் முன்னால் பழகினால் கெடமாட்டான் என்பதை வெறும் நம்பிக்கையாக விடாமல் ஆஸ்திரேலியாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1927 பிள்ளைகளை 2010இல் இருந்து ஆறு வருடம் பின்தொடர்ந்து, அவர்களையும் பெற்றோரையும் வருடா வருடம் கேட்டிருக்கிறார்கள். 2018இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. பெற்றோர் கையால் கிடைத்ததால் ஒரு பாதுகாப்பும் வரவில்லை. வீட்டில் கிடைத்த பிள்ளைகள் அடுத்த வருடம் வெளியில் இருந்தும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியிருந்தது. அதாவது வீட்டுப் பாட்டில் வெளிப் பாட்டிலைத் தடுக்கவில்லை, அதற்கு வழிதான் விட்டது.

வயதும் ஒரு விஷயம். அமெரிக்காவில் 1997இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன்னால் குடிக்க ஆரம்பித்தவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகி இருந்தார்கள். 21, 22இல் ஆரம்பித்தவர்களில் அது 10 சதவீதம் போல. சீக்கிரம் ஆரம்பித்ததே காரணமா, இல்லை சீக்கிரம் ஆரம்பிக்க வைத்த வீட்டுச் சூழலா என்று இன்னும் வாதம் நடக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. உங்களுக்கு முக்கியம் வேறு ஒன்று. குடிக்கு அடிமையாவதில் பரம்பரைக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் அப்பா ஈரல் போய் இறந்தவர். குடும்பத்தில் சர்க்கரை இருந்தால் நாம் சின்ன வயதிலேயே கவனமாக இருக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டியவர்கள். தலையெழுத்து என்று சொல்லவில்லை, ஒதுக்க முடியாத விஷயம் என்கிறேன்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பியும் அதே அப்பாவுக்குப் பிறந்தவர்தான். அவர் எவ்வளவு குடிக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை.


ஓய்வுபெற்ற வாத்தியார்:

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தவன். நாலு பையன்கள் சேர்ந்து மாட்டினால் நாலு பெற்றோரையும் வரச் சொல்வோம். நாலு அம்மாவும் ஒரே வசனம்தான் பேசுவார்கள், "எம் பிள்ளை தங்கமான பிள்ளை சார், சேக்காளி சரியில்ல." அந்த அறையில் இருக்கிற மூன்று பேர்தான் அந்தச் சேக்காளி என்பது யாருக்கும் உறைக்காது. சேக்காளியால் கெட்டான் என்பதில் பாதிதான் உண்மை. எந்தச் சேக்காளியோடு சேருவது என்பதையும் பையன்தான் முடிவு செய்கிறான். வீட்டில் பார்த்துப் பழகிய பையன் அதே பழக்கம் உள்ளவனோடு சுலபமாக ஒட்டிக்கொள்கிறான்.

ஒரு வகுப்பில் பெயர் எழுதாமல் சீட்டு எழுதச் சொல்லிப் பார்த்தேன், நீ குடித்திருக்கிறாயா, உன் வகுப்பில் எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நினைக்கிறாய் என்று இரண்டு கேள்வி. குடித்ததாக எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் முக்கால்வாசிப் பேர் "எல்லாரும் குடிப்பானுவ சார்" என்று எழுதியிருந்தார்கள். குடிக்காதவன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான், குடித்தவன் ரீல்ஸ் போடுகிறான், அதனால் வகுப்பே குடிக்கிற மாதிரி ஒரு தோற்றம். நம் மாவட்டத்தில் இன்னொரு கூத்தும் உண்டு, சாதிக்கு ஒரு கலர் என்று கையில் ஒரே கலரில் கயிறு கட்டிய கூட்டம். 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசாங்கம் குழு போட்டு, கயிறு கூடாது என்று அறிக்கையே வந்தது. அந்த மாதிரிக் கூட்டத்துக்குள் ஒரு டம்ளரை வேண்டாம் என்று சொல்வது பிராந்தியை மறுப்பதோடு முடியாது, "நம்ம ஆளுதானால நீ?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 16 வயதில் அது லேசான காரியமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று தம்பிக்குத் தெரியாமல் இருக்கலாம். 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு யார் மது கொடுத்தாலும் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். யார் கொடுத்தாலும் என்றுதான் இருக்கிறது, தாய்மாமனுக்கு விலக்கு இல்லை. கேஸ் போடச் சொல்லவில்லை, பேசும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம் என்பதற்கு ஐஸ்லாந்தைச் சொல்வேன். அங்கே 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள், 2016இல் அது 5 சதவீதம். போஸ்டர் ஒட்டிச் சாதித்ததில்லை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் ராத்திரி 10 மணிக்கு மேல் தனியாக வெளியே சுற்றக் கூடாது என்று சட்டம், பெற்றோர்களே கூட்டம் கூட்டமாக ராத்திரி தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள், விளையாட்டு, பாட்டு என்று சாயங்காலத்தை நிரப்ப நகராட்சியே பணம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று பெற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் ஆறு மணிக்கு மேல் ஒரு பையனுக்குப் போக இடம் எது? கிரவுண்டைப் பூட்டிவிடுகிறார்கள், லைப்ரரியைப் பூட்டிவிடுகிறார்கள், படித்துறைக்குத்தான் பூட்டு இல்லை.


வி.கே.புரம் பொண்ணு:

நான் காலேஜ் இரண்டாம் வருடம், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ஆறரைக்கு வீட்டுக்கு வரவில்லை என்றால் ஆறே முக்காலுக்குள் அப்பா போன், அண்ணன் போன், ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் சித்தப்பா நிற்பார். எந்த பஸ், பக்கத்து சீட்டில் யார், அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அவள் அம்மா எங்கே பீடி சுற்றுகிறாள், எல்லாம் வீட்டுக்குத் தெரியும். அண்ணன் ராத்திரி பதினொன்றுக்கு வருவான். "எங்கயாவது நிப்பான், ஆம்பளப் பிள்ளதான" என்பார்கள். பின்வாசல் கொண்டியை நான்தான் சத்தம் வராமல் எடுத்துவிட வேண்டும். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு ரூமுக்குள் போய்விடுவாள், முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டி வருமே என்று. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று எனக்குச் சத்தியம்.

வாத்தியார் சொல்கிற ஐஸ்லாந்து எங்கள் வீட்டிலும் இருக்கிறது சார், எனக்கு மட்டும்.

அக்கா, உங்களிடம் உண்மையைச் சொன்னது உங்கள் சின்னவள். அவள்தான் சொன்னாள் என்று அண்ணனிடமோ மாமாவிடமோ வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த தடவை சொல்ல மாட்டாள்.


பாளை டீக்கடை:

வி.கே.புரம் பாப்பா சொன்னதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கடையில் ஒட்டலாம்.


ரியாத்தில் இருப்பவன்:

அம்பைத் தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் இடத்தில் இருந்து பேசுகிறேன். கட்டாயம் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மூன்றாம் ஆள் வழியாக என் காதுக்கு வந்தால் பிள்ளை மேல் வருகிற கோபத்தைவிட உங்கள் மேல் வருகிற கோபம் பெரிதாக இருக்கும். ஆனால் டூட்டி முடிந்து வந்து சமைக்கிற நேரத்தில் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை லீவு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு சொல்லுங்கள். நடந்ததை மட்டும் சொல்லி அவர் என்ன முடிவு எடுப்பாரோ என்று காத்திருக்க வேண்டாம், நீங்கள் ஒரு முடிவை வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "இப்படி நடந்தது, அவனிடம் பேசினேன், இன்ன நேரத்துக்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், நீங்கள் அவனிடம் கத்தாமல் பத்து நிமிடம் பேசுங்கள்." மும்பைக் கடைக்கு அனுப்புவது என்றால், அங்கே ராத்திரி கடை அடைத்த பிறகு ரூமில் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியும், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் பழகினோம்.

எங்கள் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது. லீவுக்குப் போகும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கியதும் டியூட்டி ஃப்ரீயில் இரண்டு பாட்டில், அது இல்லாமல் ஊருக்குள் போக முடியாது. வண்டி வாசலில் நிற்கும்போதே மச்சினன்மார் "அத்தான், அயிட்டம் எங்க?" என்று பெட்டியை இறக்குவார்கள். பிள்ளைக்கு வாங்கிய ஷூவுக்கு முன்னால் பாட்டில்தான் வெளியே வரும். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும், அந்த அட்டைப்பெட்டியைத் தடவிப் பார்க்கும், காலி பாட்டிலை ஷோகேஸில் வைத்து மணிபிளான்ட் வளர்ப்போம். அப்பா வருவதற்கும் பாட்டில் திறப்பதற்கும் முடிச்சுப் போட்டது நாம்தான். உங்கள் வீட்டில் இப்படி இல்லை என்றால் சந்தோஷம்.

பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறாரா? கூட இல்லாத குறைக்கு நாங்கள் செய்கிற இன்னொரு காரியம் அது. 16 வயதுப் பையன் ஓட்டி மாட்டினால் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பிள்ளையின் பொறுப்பாளருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. குடித்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சாவியை நீங்கள் வாங்கி வையுங்கள்.

தம்பியிடம் குடிக்காதே என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும். அவன் செய்த உதவி எல்லாவற்றையும் முதலில் சொல்லுங்கள், பொய்யில்லையே அது. பிறகு, "நீ என்னமும் செய், என் பிள்ளைக்கு உன் கையால குடுக்காத. அவன் என் பேச்சைவிட உன் பேச்சைத்தான் கேட்பான், நீயே அவன்ட்ட சொல்லு" என்று பொறுப்பை அவன் கையில் கொடுங்கள். மாமன் வாங்கிக் கொடுத்தது பையனுக்கு எவ்வளவு பெருமையோ, மாமனே வேண்டாம் என்பது அவ்வளவு கனமாக விழும்.


கொடைக் கமிட்டி:

சுடலைமாடன் கோயில் கமிட்டியில் இருக்கிறேன். படப்பில் சாராயமும் சுருட்டும் வைப்பது காலங்காலமாக நடக்கிறது, அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். சாமிக்கு வைத்தது சாமியோடு சரி. வில்லுப்பாட்டு நடக்கும்போது தோப்புக்குள் போய் உட்காருகிறவனுக்கும் சாமிக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் ஊரில் வரி பிரிக்கப் போகும்போதே வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டோம், படிக்கிற பிள்ளை குடித்து வந்தால் பிள்ளையைக் கேட்க மாட்டோம், யார் வாங்கிக் கொடுத்தாரோ அவருக்கு அடுத்த வருடம் மரியாதை கிடையாது, மைக்கில் பெயர் வரும் என்று. நம் ஆட்களுக்கு ஜெயிலைவிட மைக்குக்குப் பயம் ஜாஸ்தி. முழுக்க நின்றுவிட்டதா என்றால் இல்லை, தோப்பு இன்னும் கொஞ்சம் தூரமாகப் போயிருக்கிறது. ஆனால் சின்னப் பயல்களைக் கூட்டிக்கொண்டு போவது குறைந்திருக்கிறது.


ராதாபுரத்தான்:

மைக் விஷயம் நல்ல யோசனைதான். மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது, கடையை நடத்துகிறவனைக் கேட்காமல் குடும்பத்தை மட்டும் கேட்பது சரியில்லை. சிஸ்டர் போட்ட கணக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எங்கள் மாப்பிள்ளை பார்ட்டியில் பிள்ளைகளுக்கு "பீர்தானே" என்றுதான் கொடுப்போம்.


அம்பைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாலைந்து நாள் வரமுடியவில்லை. வெள்ளிக்கிழமை இவரிடம் சொன்னேன், ரியாத் அண்ணன் சொன்ன மாதிரியே. கத்தினார், போனை வைத்துவிட்டார், ராத்திரி மறுபடி கூப்பிட்டு அவனிடம் கொடு என்றார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, மாடிக்குப் போய்ப் பேசினான். இறங்கி வந்து பைக் சாவியை டிவி மேல் வைத்தான். இவர் மும்பை என்ற பேச்சே எடுக்கவில்லை. எட்டு மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறான், ஆனால் வருகிறான்.

தம்பிதான் முறுக்கிக்கொண்டான். "என்னய கேசு போடுவேன்னு மிரட்டுதியா?" என்றான், நான் அந்தச் சட்டத்தைச் சொல்லவே இல்லை, அம்மா எங்கேயோ கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் சிஸ்டர் கேட்டீர்களே அவன் எவ்வளவு குடிக்கிறான் என்று, அதற்குப் பிறகு மதினியிடம் தனியாகக் கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். தினமும்தான் என்கிறாள், சில நாள் காலையிலேயே. எங்கள் யாருக்கும் தெரியாது, இவள் மறைத்து வைத்திருக்கிறாள். மதினி பேசினால் ஏதாவது போன் நம்பரில் வழி சொல்வார்களா, இல்லை அவனே பேச வேண்டுமா?


வார்டு சிஸ்டர்:

மதினியே பேசலாம் அக்கா. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், குடும்பத்தார் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். நேரே வருவது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூப்பிடும் முன்னால் மதினியிடம் ஒன்று கேட்டு வையுங்கள், காலையில் குடிப்பதற்கு முன் கை நடுங்குகிறதா, வேர்க்கிறதா என்று. ஆமாம் என்றால் கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கி உடைத்து இன்றோடு நிறுத்து என்று மட்டும் செய்துவிடாதீர்கள். திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அவர் வர ஒத்துக்கொண்டால் இங்கேயே எழுதுங்கள்.